312/950 பாலே பிரிண்டா, 14/40 எட்சிங்கா?

வெள்ளைத்தாள்:

எல்லோருக்கும் வணக்கம். பாலே நடன ஓவியங்கள் என்றால் எனக்கு உயிர். நான் ஆடினதில்லை. பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா வரைந்த நடனப் பெண்களை ஒரு காலண்டரில் பார்த்த நாளிலிருந்து இந்தப் பித்து பிடித்துக்கொண்டது. இத்தனை நாள் சுவரில் மாட்டியதெல்லாம் போஸ்டர்கள்தான். இப்போது முதல் தடவையாக ஒரு லிமிடெட் எடிஷன் பிரிண்ட் வாங்கலாம் என்று காசு சேர்த்து வைத்திருக்கிறேன், அது ஒன்றே ஒன்றுக்குத்தான் போதும். இரண்டு படங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன, ஏறத்தாழ ஒரே விலை, எதை எடுப்பது என்று தெரியாமல் மூன்று வாரமாகத் தவிக்கிறேன்.

முதல் படம் ஓரளவு பெயர் தெரிந்த, இப்போதும் வரைந்துகொண்டிருக்கிற ஓவியருடையது. ஒரு பெண் தரையில் உட்கார்ந்து காலணி நாடாவைக் கட்டுகிறாள். பெரிய படம், இளஞ்சிவப்பும் சாம்பலும் கண்ணை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது. கீழே இடது ஓரத்தில் பென்சிலில் 312/950, வலது ஓரத்தில் கையெழுத்து, கூடவே ஒரு சான்றிதழ். ஜிக்லே என்கிற உயர்தர இங்க்ஜெட் முறையில் அச்சடித்தது, 950க்கு மேல் ஒன்றுகூட அடிக்க மாட்டார்கள், விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்று விற்பவர் சொல்கிறார்.

இரண்டாவது, நான் பெயரே கேள்விப்படாத ஒருவரின் எட்சிங், அதாவது அமிலத்தால் கோடுகளை அரித்த உலோகத் தகட்டிலிருந்து அச்சடித்த படம். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும், கறுப்பு வெள்ளை. மேடைக்குப் பக்கவாட்டில் திரைமறைவில் நான்கு பெண்கள். மூன்று பேரின் முதுகுதான் தெரிகிறது. நாலாவது பெண் மூலையில் ஒரு தட்டையான பெட்டிக்குள் ஒரு காலை வைத்துக்கொண்டு நிற்கிறாள், எதற்கு என்று புரியவில்லை. எண் 14/40. சான்றிதழ் கிடையாது, ஓவியரே நேரடியாக விற்கிறார்.

312 என்றால் 312ஆவதாக அடித்த பிரதி என்று அர்த்தமா, அப்படியென்றால் மங்கலாக இருக்குமா? சான்றிதழ் இல்லாமல் வாங்குவது தப்பா? மனசு எட்சிங் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்.

அச்சுமை:

நானே தகட்டில் வரைந்து அச்சடிக்கிறவன், அதனால் என் பேச்சில் ஒரு பக்கச் சாய்வு இருக்கும், அதைக் கணக்கில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எண். 312/950 என்றால் மொத்தம் 950 பிரதிகள், அதில் உங்களுடையதற்கு 312 என்று எண் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அடித்த வரிசையிலேயே எண் போடுகிறவர்கள் குறைவு. தாளை நனைத்து, அச்சடித்து, காயவைத்து, அடுக்கி வைத்து, அப்புறம் ஒரு நாள் உட்கார்ந்து கையெழுத்துப் போடும்போது கைக்கு முதலில் எது வருகிறதோ அதற்கு முதல் எண். ஜிக்லேயில் முதல் பிரதிக்கும் கடைசிப் பிரதிக்கும் வித்தியாசம் தேடுவதில் பலனே இல்லை, ஏனென்றால் தேய்வதற்கு அங்கே தகடு கிடையாது.

வரிசை உண்மையிலேயே முக்கியமாகிற இடம் டிரைபாயின்ட். ஊசியால் செம்புத் தகட்டைக் கீறும்போது, உழுத சாலின் ஓரத்தில் மண் எழும்பி நிற்கிற மாதிரி, கோட்டின் ஓரத்தில் செம்புப் பிசிறு எழும்பி நிற்கும். அந்தப் பிசிறு மையைப் பிடித்துவைத்துக்கொண்டு கோட்டுக்கு ஒரு வெல்வெட் மென்மை கொடுக்கும். பிரஸ்ஸில் ஒவ்வொரு தடவை போய்வரும்போதும் அது கொஞ்சம் நசுங்கும், சில டஜன் பிரதிகளுக்குள் பொலிவு இறங்கிவிடும். எட்சிங்கில் அமிலம் அரித்த கோடு இதைவிட நன்றாகவே தாங்கும், ஆனாலும் தகட்டு வேலையில் 30, 40 என்று நிறுத்துகிற பழக்கத்துக்குப் பின்னால் இந்தத் தேய்மானமும் இருக்கிறது, ஒவ்வொரு பிரதிக்கும் மை பூசி, துடைத்து, உள்ளங்கையால் கடைசியாக ஒரு தடவை வழித்து எடுக்கிற உழைப்பும் இருக்கிறது. 950 என்ற எண்ணுக்குப் பின்னால் அப்படி ஒரு காரணம் இல்லை. எத்தனை விற்கும் என்று ஒருவர் கணக்குப் போட்டிருக்கிறார். 1,950 என்று முடிவெடுத்திருந்தாலும் கடைசிப் பிரதி இதே மாதிரிதான் வந்திருக்கும்.

விற்பவரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: 950 என்பது இந்த அளவுக்கும் இந்தத் தாளுக்கும் மட்டுமா? ஒரே படத்தைத் தாளில் ஒரு எடிஷன், கேன்வாஸில் ஒரு எடிஷன், சின்ன அளவில் ஒரு எடிஷன் என்று தனித்தனி எண்ணோடு போடுவது சகஜம். இதற்கு மேல் ஏ.பி. என்று எழுதிய பிரதிகள் இருக்கும், அவை ஓவியர் தனக்கென்று எடுத்து வைத்துக்கொள்பவை. ஹெச்.சி. என்றால் விற்பனைக்கு வெளியே வைத்தவை. இவை மொத்த எடிஷனில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் வழக்கத்துக்கு உட்பட்டதுதான். அதைவிட ரொம்ப அதிகம் என்றால் "லிமிடெட்" என்ற சொல்லை யோசித்துத்தான் நம்ப வேண்டும்.

சான்றிதழ் பற்றி: அதுவும் விற்பவர் தரப்பில் அச்சடித்த ஒரு தாள்தான். அதில் அச்சு முறை, தாளின் பெயர், மையின் வகை, மொத்த எண்ணிக்கை, ஏ.பி. எண்ணிக்கை, அச்சடித்த ஆண்டு எல்லாம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். "இது அசல்" என்று மட்டும் தங்க எழுத்தில் இருந்தால் அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. ஓவியர் கையாலேயே வாங்கும்போது இதே விவரங்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டால் போதும்.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று வாங்கி இரண்டையும் பாருங்கள். ஆஃப்செட்டில் அடித்த போஸ்டர் என்றால் வட்ட வட்டமாக, பூ மாதிரி ஒழுங்காக அடுக்கிய நிறப்புள்ளிகள் தெரியும். ஜிக்லேயில் தூவிவிட்ட மாதிரி ஒழுங்கில்லாத நுண்ணிய புள்ளிகள். அந்தப் பெயரே பிரெஞ்சில் "பீய்ச்சுதல்" என்ற சொல்லிலிருந்து வந்ததுதான், 1991இல் ஜாக் டுகான் என்ற அச்சுக் கலைஞர் இங்க்ஜெட் பிரிண்டுக்காக வைத்த பெயர். எட்சிங்கில் புள்ளியே இருக்காது, கோடு முழு மையாக, தாளின் மேல் மெல்லிய மேடு போல நிற்கும். படத்தைச் சுற்றித் தகட்டின் விளிம்பு அழுந்திய பள்ளமும் இருக்கும். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும்.

உங்கள் எட்சிங்கில் கோடு இல்லாத இடங்களில் சாம்பல் நிறம் தண்ணீர் வண்ணம் போலப் பரவியிருந்தால் அது அக்வாடின்ட். ரோசின் என்ற பிசினைப் பொடித்துத் தகட்டின் மேல் தூசியாகப் படியவிட்டு, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் இறக்குவோம். பிசின் துளிகளுக்கு நடுவே மட்டும் அமிலம் அரிக்கும். அப்படி வந்த சாம்பலை லென்ஸில் பார்த்தால் நுண்ணிய வலை மாதிரி இருக்கும். டெகாவுக்கு ரொம்பப் பிடித்த முறை அது.

நிறப்பிரியன்:

அச்சுமை சொன்னதெல்லாம் சரி, ஆனால் ஜிக்லேயை ஓரமாகத் தள்ளிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். ராபர்ட் ஹைண்டெல் என்ற அமெரிக்க ஓவியர் (1938–2005) வாழ்க்கையின் பெரும் பகுதியை நடனக் கலைஞர்களை வரைவதிலேயே கழித்தவர், ஒத்திகை அறைக்குள் உட்கார்ந்து வரைந்தவர். அவருடைய படங்களில் உடம்பின் மேல் விழுகிற அந்த வெளிச்சத்தையும் பின்னால் கரைந்து போகிற நிறத்தையும் நான் அறிந்தது லிமிடெட் எடிஷன் பிரிண்டுகள் வழியாகத்தான். மூல ஓவியம் வாங்க என்னால் இந்த ஜென்மத்தில் முடியாது.

நிறம்தான் உங்களைப் பிடித்து இழுக்கிறது என்றால், நிறமி மையில், நூறு சதவீதப் பருத்தித் தாளில் அடித்த நல்ல ஜிக்லேயில் தப்பே இல்லை. ஆரம்ப காலத்தில் சாய மையில் அடித்த பிரதிகள் சீக்கிரம் வெளுத்தது உண்மை, அதனால் நிறமி மையா என்று கட்டாயம் கேளுங்கள். கணினியிலேயே வரைகிற ஓவியர்களுக்கு இந்தப் பிரிண்ட்தான் மூலப் படைப்பு, அதையும் மறக்கக்கூடாது. ஆனால் "விலை ஏறிக்கொண்டேதான் போகும்" என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்தைக் கேட்காத மாதிரி இருந்துவிடுங்கள். 950 பேரிடம் இருக்கிற படத்தை விற்கப் போகும்போது, மீதி 949 பேரில் சிலரும் அதே நேரத்தில் விற்க வந்திருப்பார்கள்.

பழைய ஏடு:

டெகா பேச்சு வந்துவிட்டதால் சும்மா இருக்க முடியவில்லை. பாலே பிரிண்ட் சேகரிக்கிறவர்கள் எல்லோரும் அவர் வழியாகத்தான் உள்ளே வருகிறோம், அதே இடத்தில்தான் நிறைய பேர் ஏமாறவும் செய்கிறார்கள்.

டெகா 1917இல் இறந்துவிட்டார். அவர் படங்களை யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், "டெகா லிமிடெட் எடிஷன்" என்று எண்ணும் போடலாம். அழகான அச்சாக இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அது டெகா செய்த பிரிண்ட் ஆகாது. அவர் தாமே செய்த பிரிண்டுகளில் விற்பனைக்கென்று எண் போட்டு வெளியிட்டவை மிகச் சொற்பம். அவருக்குத் தகட்டைத் திருத்துவதில்தான் ஆசை, ஒரு தகட்டை எடுத்தால் சில பிரதி அடித்துப் பார்ப்பார், சுரண்டுவார், நிழல் சேர்ப்பார், மறுபடி அடிப்பார். 1879, 80 வாக்கில் மேரி கசாட், பிஸாரோ என்ற ஓவியர்கள் இருவரோடும் சேர்ந்து பிரிண்டுகளுக்கென்றே ஒரு பத்திரிகை கொண்டுவரத் திட்டம் போட்டார், "பகலும் இரவும்" என்று பெயர்கூட வைத்தாயிற்று, பத்திரிகை வெளிவரவே இல்லை. அதற்காக உழைத்த தகடுகள்தான் நமக்கு மிச்சம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது அவருடைய மோனோடைப்கள். வழவழப்பான தகட்டில் கெட்டியான மையால் நேரடியாக வரைந்து, அல்லது தகடு முழுக்க மையைப் பூசிவிட்டுத் துணியாலும் விரலாலும் துடைத்து வெளிச்சத்தைத் திறந்து, ஈரத்தாளை வைத்து ஒரே ஒரு தடவை அழுத்தினால் மை முழுக்கத் தாளுக்குப் போய்விடும். இரண்டாவது பிரதி ஆவி மாதிரி மங்கலாகத்தான் வரும். 1870களின் நடுவில் லெபிக் என்ற நண்பரோடு சேர்ந்து அவர் செய்த முதல் மோனோடைப்பே ஒரு பாலே ஆசிரியரைப் பற்றியதுதான், தகட்டில் இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த மங்கலான இரண்டாவது பிரதியை டெகா வீணாக்கவில்லை. அதன் மேல் பேஸ்டல் வண்ணம் தீட்டி மேடை வெளிச்சமாக்கிவிட்டார். நாம் கொண்டாடுகிற பல பாலே பேஸ்டல்களுக்கு அடியில் ஒரு பிரிண்ட் இருக்கிறது. காலண்டரில் பார்த்த படத்தை இனிமேல் அந்தக் கண்ணோடு பாருங்கள், வெள்ளைத்தாள்.

வாங்குகிறவருக்கு இரண்டு எச்சரிக்கை. டெகாவின் படங்களைப் பார்த்து ஜார்ஜ் வில்லியம் தோர்ன்லி என்பவர் 1888, 89இல் 15 லித்தோகிராஃப்கள் (கல்லில் வரைந்து அச்சடிப்பவை) செய்தார், டெகா உயிரோடு இருக்கும்போதே, அவர் மேற்பார்வையில். அருமையான வேலை, ஆனால் கல்லில் வரைந்த கை தோர்ன்லியுடையது. பட்டியலில் "டெகாவைப் பின்பற்றி" என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், அதைச் சின்ன எழுத்தில் போடுகிறவர்கள் உண்டு. இரண்டாவது, டெகா இறந்த பிறகு அவருடைய தகடுகளைக் குறுக்கே கீறி ரத்து செய்துவிட்டு, அந்தக் கீறலோடேயே அடித்த பிரதிகள் சந்தையில் இருக்கின்றன. அவையும் அவர் தகட்டிலிருந்து வந்தவைதான், அவர் கையில் அடித்தவை கிடையாது. நான் ஒன்று வைத்திருக்கிறேன், நடனப் பெண்ணின் பாவாடை மேல் அந்தக் கீறல் ஓடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு ஒரு மாதிரி ஆகிவிடும், ஆனாலும் கழற்ற மனம் வரவில்லை.

டெகாவோடு நின்றுவிடாதீர்கள். ஆங்கில ஓவியர் லாரா நைட் டியாகிலெவின் ரஷ்ய பாலே குழுவை மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து வரைந்தவர், ஒப்பனை அறையில் பெண்கள் தலை வாருவதையும் காலுறை இழுத்துவிடுவதையும் அவர் பார்த்த அளவுக்கு டெகாகூடப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் எண்ணம். எட்சிங், அக்வாடின்ட் இரண்டிலும் கை தேர்ந்தவர். ஜெர்மன் ஓவியர் எர்ன்ஸ்ட் ஒப்லர் (1867–1929) அதே குழுவையும் ரஷ்ய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவையும் எட்சிங்கில் பிடித்தார், இருட்டு அரங்கில் வேகமாகப் போட்ட கோடு அப்படியே தகட்டிலும் இருக்கும். நம் காலத்துக்கு வந்தால் ஆண்டி வார்ஹோல் 1980இல் கனடா நடனக் கலைஞர் கேரன் கெய்னை ஸ்க்ரீன் பிரிண்டாக, வைரத்தூள் பூசிச் செய்திருக்கிறார். நம் கைக்கு எட்டாது, ஆனால் ஒரே விஷயத்தை எத்தனை விதமாக அச்சில் செய்ய முடியும் என்று தெரிந்துகொள்ள இதையெல்லாம் பார்த்துவைப்பது நல்லது.

காலணிநாடா:

பன்னிரண்டு வருடம் பாலே ஆடிவிட்டு முழங்கால் போனதால் நிறுத்தினவள் நான். அச்சு பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, கால் பற்றித் தெரியும்.

ஒரு பாலே படத்தை வாங்குவதற்கு முன்னால் முகத்தைப் பார்க்காதீர்கள், பாதத்தைப் பாருங்கள். உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று விரலை வைத்துக் காட்ட முடிகிறதா? முடியவில்லை என்றால் அந்த ஓவியர் புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார், அல்லது உடையை மட்டும் பார்த்திருக்கிறார். காலை வெளிப்பக்கம் திருப்புவது இடுப்பிலிருந்து வர வேண்டும், பாதத்தை மட்டும் திருப்பி வரைந்தால் முழங்கால் உள்ளே மடங்கி நிற்கும், எனக்கு அதைப் பார்த்தாலே வலிக்கும். 1845இல் தக்லியோனி, கிரிஸி, செரிட்டோ, கிரான் என்ற நான்கு பேரும் சேர்ந்து லண்டனில் ஆடிய ஆட்டத்துக்கு ஒரு புகழ்பெற்ற லித்தோகிராஃப் உண்டு, சாலன் வரைந்தது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும், ஆனால் அதில் பாதங்களெல்லாம் மொட்டு மாதிரி, அந்தக் காலில் ஒரு பூனைக்குட்டிகூட நிற்க முடியாது. அந்தக் காலத்தில் கனமே இல்லாத தேவதைகளாகத்தான் அவர்களைக் காட்ட ஆசைப்பட்டார்கள்.

டெகா அதற்கு நேர் எதிர். அவர் படத்தில் பெண்கள் கொட்டாவி விடுவார்கள், முதுகைச் சொறிவார்கள், கணுக்காலைத் தேய்த்துவிடுவார்கள். எங்கள் நாளில் ஆடின நேரத்தைவிட அப்படி நின்ற நேரம்தான் அதிகம்.

நாடா கட்டுகிற அந்தப் பெரிய படத்தைப் பற்றி ஒன்று கேட்கிறேன். முடிச்சு எங்கே இருக்கிறது? நாங்கள் கணுக்காலின் உட்பக்கம், எலும்புக்கும் குதிகால் நரம்புக்கும் நடுவில் இருக்கிற குழியில் முடிச்சுப் போட்டு, நுனியை உள்ளே செருகிவிடுவோம். வெளியே தொங்கினால் வகுப்பிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். படத்தில் முன்பக்கம் பட்டாம்பூச்சி மாதிரி முடிச்சுப் போட்டிருந்தால் ஓவியர் ஒத்திகை அறைக்குள் கால் வைத்ததே இல்லை என்று நான் நினைப்பேன். எட்சிங்கின் படம் ஒன்று போட முடியுமா? அந்தப் பெட்டிக்குள் கால் வைத்த பெண்ணைப் பார்க்க வேண்டும்.

நிழல்சுவர்:

எதை வாங்கினாலும் சரி, வாங்கின பிறகு செய்வதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் நான் ஒன்றைப் பறிகொடுத்தவன்.

என் முதல் பிரிண்ட் ஒரு சின்ன டிரைபாயின்ட், பயிற்சி அறையின் பார் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் நிற்கிற படம், 9/25. ஃபிரேம் போடக் கொடுத்தேன். என்ன செய்யக்கூடாது என்று நான் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. திரும்பி வந்தபோது ஃபிரேமுக்குள் பொருந்துவதற்காகச் சுற்று ஓரத்தை வெட்டியிருந்தார்கள், பென்சில் எண்ணும் கையெழுத்தும் அந்த ஓரத்தோடு குப்பைக்குப் போய்விட்டது. மீதியைச் சூடு வைத்து அட்டையில் ஒட்டியிருந்தார்கள், தகட்டு விளிம்பின் அந்தப் பள்ளம்கூட நசுங்கித் தட்டையாகிவிட்டது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன், வழவழவென்று போஸ்டர் மாதிரி இருந்தது. கடையில் நின்றபடியே கண் கலங்கிவிட்டது. இப்போதும் சுவரில் இருக்கிறது, அது யார் வரைந்தது என்று யாரும் நம்பத் தேவையில்லை, எனக்குத் தெரியும்.

அதனால் கொடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள்: ஓரத்தை வெட்டக்கூடாது, எதன் மேலும் ஒட்டக்கூடாது, செலோடேப் கிட்டவே வரக்கூடாது. ஜப்பானியத் தாளைச் சின்னத் துண்டாகக் கிழித்து, கோதுமை மாவுப் பசையால் மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடத்தில் பிடித்தால் போதும், தாள் ஈரத்தில் விரியவும் காய்ந்து சுருங்கவும் இடம் வேண்டும். சுற்றிலும் வைக்கிற அட்டை அமிலம் இல்லாத பருத்தி அட்டையாக இருக்கட்டும், சாதாரண அட்டை என்றால் சில வருடத்தில் படத்தைச் சுற்றிப் பழுப்புக் கோடு விழும், அது போகவே போகாது. கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது.

வெளிச்சம் இன்னும் பெரிய எதிரி. அருங்காட்சியகங்களில் தாள் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் அளவுதான் வைப்பார்கள், அந்த அறை அவ்வளவு மங்கலாக இருப்பது அதனால்தான். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி உதவும், ஆனால் முழுக்கக் காப்பாற்றாது. ஜன்னலுக்கு எதிர்ச் சுவர் வேண்டாம், ஈரம் ஏறுகிற சுவரும் வேண்டாம், பூஞ்சைப் புள்ளி வந்துவிடும். நான் ஆறு மாதத்துக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி மாட்டுகிறேன், மற்றவை பெட்டியில் படுத்திருக்கும். மறுபடி வெளியே எடுக்கும்போது புதுசாகப் பார்க்கிற சந்தோஷமும் கிடைக்கிறது.

வெள்ளைத்தாள்:

இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை, எல்லோருக்கும் நன்றி. லென்ஸ் வாங்கி, இரண்டு படத்தையும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

பெரிய படத்தில் தூவின மாதிரிப் புள்ளிகள்தான், அச்சுமை சொன்னபடியே. நிறமி மை, பருத்தித் தாள் என்று சான்றிதழிலேயே இருந்தது, அதில் குறை சொல்ல முடியாது. கேன்வாஸில் தனியாக ஒரு எடிஷன் இருக்கிறதா என்று கேட்டேன், இருக்கிறது, அதைவிடச் சின்ன அளவில் இன்னொன்றும் இருக்கிறது, கேட்காமல் இருந்திருந்தால் தெரிந்திருக்காது. முடிச்சு முன்பக்கம்தான் இருக்கிறது, காலணிநாடா. பெரிய, அழகான முடிச்சு. அதைப் பார்த்த பிறகு என்னால் வேறு எதையும் பார்க்க முடியவில்லை.

எட்சிங்கை ஓவியர் மேஜையில் வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துக் காட்டினார். தகட்டு விளிம்பின் பள்ளம் தெரிந்தது. அந்த மூன்று முதுகுகளில் ஒன்றில், ரவிக்கையின் கொக்கி இருக்கிற இடத்தில், கோடு அப்படியே மேடாக எழும்பி நின்றது, மையின் மேல் விளக்கு பட்டு மினுங்கியது. திரையின் சாம்பலை லென்ஸில் பார்த்தால் வலை வலையாக இருந்தது. அதே தகட்டின் இன்னும் இரண்டு பிரதிகளைப் பக்கத்தில் வைத்தார், மூன்றும் ஒன்றுபோல இல்லை, ஒன்றில் திரை கொஞ்சம் கறுப்பு, ஒன்றில் தரையில் வெளிச்சம் கூடுதல். ஒவ்வொரு தடவையும் கை துடைக்கிற விதம் மாறும் என்றார். ஏன் மனசு இந்தப் பக்கம் சாய்ந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. 14ஆம் எண்ணையே எடுத்துக்கொண்டேன். அச்சு முறை, தாள், 40 பிரதி, 4 ஏ.பி. என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். ஃபிரேமுக்கு இன்னும் கொடுக்கவில்லை, நிழல்சுவர் எழுதியதை அப்படியே அச்சடித்து எடுத்துக்கொண்டு போகப் போகிறேன்.

படம் கீழே இணைத்திருக்கிறேன். பெட்டி என்னவென்று ஓவியரிடம் கேட்க மறந்தே போய்விட்டது.

காலணிநாடா:

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று முதுகிலும் எடை எங்கே இருக்கிறது என்று தெரிகிறது, நடுவில் இருக்கிற பெண் இடது இடுப்பில் சாய்ந்து நிற்கிறாள், பாவம், வலது காலில் ஏதோ வலி. இவர் திரைமறைவில் நின்று பார்த்தவர்தான், சந்தேகமே இல்லை.

அந்தப் பெட்டி ரோசின் பெட்டி! மேடை வழுக்காமல் இருக்க, ஏறுவதற்கு முன்னால் காலணி நுனியையும் குதிகாலையும் அதில் தேய்த்துக்கொள்வோம். கட்டியாக இருக்கும், மிதித்தால் நறநறவென்று உடைந்து வெள்ளைப் பொடியாகும். அந்தச் சத்தம் கேட்டாலே எனக்கு இன்னும் வயிற்றுக்குள் ஏதோ செய்யும், அடுத்தது நம் முறை என்று அர்த்தம். அவள் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள், பார்வை மட்டும் மேடையில் இருக்கிறது பாருங்கள்.

அச்சுமை:

நானும் பார்த்தேன். அவளுக்குப் பின்னால் இருக்கிற அந்தச் சாம்பல் இருட்டு முழுக்க அக்வாடின்ட். அவள் மிதிக்கிற அதே ரோசின் பொடியைத் தகட்டில் தூவித்தான் அந்த இருட்டைக் கொண்டுவந்திருக்கிறார். அடுத்த தடவை பார்க்கும்போது ஓவியரிடம் கேளுங்கள், தெரிந்தேதான் செய்திருப்பார்.